பள்ளத் தெரு மலையான விவரம்

அட்டை ஒட்டுவதற்கு ஆட்கள் வந்தபோது பைண்டர் தன் கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, அதைத் துடைப்பத்தால் வாசல் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பெய்ததைப் பெரிய மழை என்று சொல்லிவிட முடியாது. அரை மணி நேரம் பெய்திருக்கும். வந்த இரண்டு பேரும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏணியைத் தண்ணீருக்குள் ஊன்றினார்கள். கதவுக்கு மேலே பச்சை நிறத்தில் ஓர் அட்டையை ஒட்டினார்கள். ஏணி வழுக்கியதால் பைண்டரே துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். ஒட்டி முடித்ததும் ஒரு நோட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுக் கொடுத்த பிறகுதான் அவர் நிமிர்ந்து படித்தார்.

"வெள்ள அபாயம்: இல்லை" என்று அச்சடித்திருந்தது.

"இது எங்க வீட்டுக்குத்தானா?" என்று கேட்டார்.

"கதவு நம்பர் பதினொண்ணுதானே?"

"ஆமா."

"அப்ப உங்களுதுதான். ஒரு நாளைக்குத் தண்ணி படாம பாத்துக்குங்க, பசை காயணும்."

அவர்கள் தண்ணீரில் சளப் சளப்பென்று நடந்து அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

இந்தத் தெரு எப்படி அமைந்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு குழிக்கரண்டியை எடுத்துத் தரையில் வைத்துப் பாருங்கள். அதன் குழிதான் தெரு. மொத்தம் பத்தொன்பது வீடுகள். இரண்டு முனைகளிலிருந்தும் தெரு மெதுவாக இறங்கி வந்து நடுவில் சேர்கிறது. அந்த நடுவில் இருப்பது பதினோராம் எண், பைண்டர் வீடு. கீழே பைண்டிங் கடை, மேலே குடித்தனம். எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் முதலில் பைண்டரை விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும்.

தண்ணீர் வெளியேற ஒரு வழி உண்டு. தெருவை அடுத்த பெரிய சாலைக்கு அடியில், ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு ஒரு சிமெண்ட் குழாய் போகிறது. தெருத் தண்ணீர் அதில் இறங்கினால் அந்தப் பக்கத்து ஏரியில் போய் விழும். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ கேபிள் புதைத்தபோது உடைத்த கற்பலகைகள் குழாய்க்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. தெருக்காரர்களே இறங்கி எடுத்திருப்பார்கள். ஆனால் குழாயின் வாயில் இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டை உடைப்பது குற்றம் என்று பக்கத்திலேயே பலகை இருந்தது. சாவி, வீடு வீடாக இந்த அபாய அட்டைகளை ஒட்டுகிற வீட்டிடர் மதிப்பீட்டு அலுவலகத்தில் இருந்தது.

அந்த அலுவலகத்தின் விதி எளிமையானது. சிவப்பு அட்டை பெற்ற தெருக்களில் மட்டும் குழாயைத் திறந்து சுத்தம் செய்வார்கள். அபாயம் இல்லாத இடத்தில் சுத்தம் செய்தால் அது வீண் செலவு. பைண்டர் இரண்டு வருடமாகச் சிவப்பு அட்டைக்குத்தான் காத்திருந்தார். அடுத்த பெருமழைக் காலத்துக்கு ஆறு மாதம் இருந்தது. அதற்குள் குழாய் திறக்காவிட்டால் கடை மூன்றாவது தடவையாக மூழ்கும். நனைந்த புத்தகம் விசிறி மாதிரி விரிந்துகொள்ளும். காய்ந்தாலும் பழையபடி மூடாது. முதல் வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேடுகள் நானூறு அப்படி விரிந்தன. போன வருடம் ஒரு நூலகத்தின் பழைய தொகுதிகள். இன்னொரு தடவை விரிந்தால் யாரும் அவரை நம்பி ஒரு நோட்டுக்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

இதில் ஒரு விசேஷம், அட்டை ஒட்டிய அன்றைக்கு அவர் கடையின் கீழ்த்தட்டில் நனைந்துகொண்டிருந்த நாற்பது பிரதிகளும் அதே அலுவலகம் பைண்டிங்குக்கு அனுப்பியவை. தலைப்பு: "வீட்டிடர் மதிப்பீடு, முதல் கட்ட வெற்றி அறிக்கை".

மறுநாள் அலுவலகத்துக்குப் போனார். வெள்ளப் பிரிவு அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எதைக் கேட்டாலும் சராசரியில் பதில் சொல்வதால் அலுவலகத்தில் அவருக்குச் சராசரி சார் என்று பெயர். பைண்டர் தன் செல்போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினார். கடைக்குள் தண்ணீர். தண்ணீரில் மிதக்கும் முக்காலி. முக்காலியின் மேல் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கும் பூனை.

சராசரி சார் ஒவ்வொரு படத்தையும் பொறுமையாகப் பார்த்தார். பூனைப் படத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது தண்ணி வந்ததுக்கு ஆதாரம். அபாயம் இருந்ததுக்கு ஆதாரம் இல்ல," என்றார். "வெள்ளங்கிறது ஒரு சம்பவம். அபாயங்கிறது ஒரு மதிப்பெண். சம்பவத்தையெல்லாம் நாங்க பாக்கறதில்ல. பாத்தா எங்களுக்கே ஒரு பக்கச் சாய்வு வந்துடும்."

மதிப்பெண் எப்படி வருகிறது என்று பைண்டர் கேட்டார். சராசரி சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஒரு விமானம் ஊருக்கு மேலே பறக்கிறது. அதன் வயிற்றில் ஒரு கருவி இருக்கிறது. அது நொடிக்கு லட்சம் தடவை ஒளியைக் கீழே தட்டிவிடுகிறது. ஒளி எதன் மேலாவது பட்டுத் திரும்பி வரும். வர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும்வரை எண்ணி ஆழம் சொல்வோம் அல்லவா, அதே வித்தைதான். உண்மையில் அழகான கருவி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மேலேயிருந்து வருகிற ஒளி, வீட்டின் மேல் என்றால் முதலில் கூரையில்தான் படும். கூரையைக் கழித்துவிட்டு அடியில் இருக்கும் தரையைக் கண்டுபிடிப்பது தனி வேலை. அது இரண்டாம் கட்டம்.

"இரண்டாம் கட்டம் எப்ப சார்?"

"முதல் கட்டம் வெற்றின்னு அறிவிச்ச பிறகு."

"அதான் அறிவிச்சாச்சே சார். அறிக்கை என்கிட்டதானே பைண்டிங்ல இருக்கு?"

"அதுதான் சிக்கல். முதல் கட்டமே வெற்றின்னா இரண்டாம் கட்டம் எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க."

ஆகவே இப்போதைக்கு, ஒளி முதலில் எதில் படுகிறதோ அதுதான் தரை. ஒரு வீட்டுக்கு ஓர் எண் என்பது அலுவலகக் கொள்கை என்பதால், அந்த வீட்டில் எது உச்சியோ அதுவே வீட்டின் உயரம். நான்கு மீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு. எட்டு வரைக்கும் மஞ்சள். அதற்கு மேலே பச்சை. சராசரி சார் கணினியைத் திருப்பிக் காட்டினார். பதினோராம் எண்ணுக்கு நேரே பன்னிரண்டு மீட்டர் என்று இருந்தது.

பைண்டர் யோசித்துப் பார்த்தார். வீடு மாடியோடு சேர்த்து ஏழு மீட்டர்தான். மீதி ஐந்து மீட்டர் அவருடைய மச்சானின் புறாக்கூண்டு.

மச்சான் என்பது மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மாடியில் அவர்களோடுதான் இருந்தான். உயரம் அவனுக்குத் தொழில், புறா அவனுக்குப் பைத்தியம். பழைய லிஃப்டின் இரும்புச் சட்டங்களை இணைத்து, மொட்டை மாடியில் ஒரு கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் முப்பத்திரண்டு புறாக்களைக் குடிவைத்திருந்தான்.

கதை அதோடு முடியவில்லை. குழாயைத் திறப்பது ஒரு வீட்டின் அட்டையைப் பார்த்து அல்ல, தெருவின் சராசரியைப் பார்த்து. மற்ற பதினெட்டு வீடுகளும் ஒற்றைத் தளம், எல்லாம் மூன்று மீட்டர் அறுபது. சிவப்பு. பைண்டர் வீட்டின் பன்னிரண்டையும் சேர்த்துப் பத்தொன்பதால் வகுத்தால் நான்கு மீட்டர் நான்கு சென்டிமீட்டர் வந்தது. தெரு முழுவதும் சிவப்பிலிருந்து நான்கு சென்டிமீட்டரில் தப்பியிருந்தது. புறாக்கள் காப்பாற்றியிருந்தன.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பைண்டர் விஷயத்தைச் சொன்னார். மச்சான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, தப்பு அவங்க கணக்குல இருக்கு, என் கூண்டுல இல்லை என்று வாதாடினான். நியாயம்தான். அக்காவிடம் அது எடுபடவில்லை.

"உன் புறாவுக்கு ரெக்கை இருக்கு. எங்க விட்டாலும் பறந்துக்கும்," என்றாள் அவள். "இந்த வீட்டுக்கு இருக்காடா? நாளைக்குக் காலையில கழட்டிடு."

மச்சான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மேலே போனான். புறாக்கள் மாடி வராந்தாவில் பலகைப் பெட்டிகளுக்குக் குடிவந்தன. பைண்டர் வீடு ஏழு மீட்டருக்கு இறங்கியது. அடுத்த விமானம் நான்கு மாதத்தில் வரும் என்றார்கள். அதன் பிறகு தெரு சிவப்பாகும், குழாய் திறக்கும் என்று பைண்டர் நாள் எண்ண ஆரம்பித்தார்.

அந்த நான்கு மாதத்தில்தான் தெருவுக்குப் புத்தி வந்தது.

சிவப்பு அட்டை ஒட்டிய வீட்டில் வாழ்வது அவ்வளவு சுலபமில்லை என்று மற்ற பதினெட்டு பேருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. இஸ்திரிக்காரர் வீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பம் அட்டையைப் பார்த்ததும் பெட்டி கட்டியது. டியூஷன் டீச்சர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பதினாறு பிள்ளைகள் ஐந்தாகக் குறைந்தார்கள். மழையே பெய்யாத மாதத்தில் பெற்றோர் வந்து, தண்ணீர் வந்தால் பிள்ளைகளை எந்த வழியாக வெளியேற்றுவீர்கள் என்று கேட்டார்கள். சிலிண்டர் கொண்டுவருகிறவன் தெருமுனையிலேயே இறக்கிவைத்துவிட்டு, அபாயப் பகுதிக்குள் வர அனுமதி இல்லை என்று போனில் சொன்னான்.

பைண்டர் வீட்டில் எதற்காகப் புறாக்கூண்டைக் கழற்றினார்கள் என்று இஸ்திரிக்காரர் சாதாரணமாகத்தான் விசாரித்தார். ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை அடுத்தவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதது பைண்டரின் சுபாவம். விமானம், ஒளி, கிணற்றுக் கல், எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். இஸ்திரிக்காரர் துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவர் வீட்டுக் கூரையின் மேல் நான்கு மூங்கில்கள் நின்றன. மூங்கில்களின் உச்சியில் மேசை விரிப்பு மாதிரி ஒரு நீலத் தார்ப்பாய் விறைப்பாகக் கட்டியிருந்தது. உயரம் ஐந்து மீட்டர். மஞ்சள்.

டியூஷன் டீச்சர் ஒன்பது மீட்டருக்கு ஏற்றினார். பச்சை.

பைண்டர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். அட்டை நிறம் மாறினால் தண்ணீர் வராமல் இருந்துவிடுமா, குழாய் திறந்தால்தானே எல்லோருக்கும் நல்லது என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இஸ்திரிக்காரர் அவர் தோளில் கையைப் போட்டுப் பேசினார்.

"அண்ணே, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. தண்ணி வருஷத்துல பத்து நாள் வரும். அட்டை வருஷம் பூரா இருக்கும். நீங்களே சொல்லுங்க, எதைச் சமாளிக்கிறது?"

இந்தச் செய்தி அலுவலகத்துக்கும் எட்டியது. தண்டனை வரும் என்று சிலர் பயந்தார்கள். சராசரி சார் வந்தார், தெருவின் நடுவில் நின்று தார்ப்பாய்களை அண்ணாந்து பார்த்தார், கண்களில் ஈரம் மின்னியது. இத்தனை வருடமாகப் பொதுமக்கள் பங்கேற்பு வேண்டும் என்று எழுதி எழுதி அலுத்துப்போயிருந்தாராம். உடனே பச்சைக்கு மேலே அடர்பச்சை என்று ஒரு புதிய நிறத்தை அறிவித்தார். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகிற வீடுகளுக்கு மட்டும்.

அவ்வளவுதான். விமானம் வருவதற்குள் பதினெட்டு வீடுகளும் பதின்மூன்று மீட்டரைத் தொட்டுவிட்டன. காற்று அடித்தால் தெரு முழுவதும் பாய்மரக் கப்பல் கூட்டம் மாதிரி படபடத்தது. பகலிலும் வீடுகளுக்குள் விளக்குப் போடவேண்டியிருந்தது.

விமானம் வந்து போனது. பாராட்டுக் கூட்டம் தெருவிலேயே நடந்தது. சராசரி சார் மைக்கைப் பிடித்தார்.

"உலகம் பூராவும் கடல் மட்டம் ஏறிட்டிருக்கு. விஞ்ஞானிகள் எல்லாம் தலையில கைவெச்சு உக்காந்திருக்காங்க. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். ஆனா நம்ம தெரு நாலே மாசத்துல எட்டரை மீட்டர் ஏறியிருக்கு. கடல் நம்மளை எப்படிங்க பிடிக்கும்?" என்றார். "இதைச் செய்ய அலுவலகம் ஒரு கூடை மண்ணுகூடக் கொட்டலை. அதைப் பெருமையா சொல்லிக்கிறேன்."

கைதட்டல் தார்ப்பாய்களில் பட்டு எதிரொலித்தது. பைண்டரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

தெருவின் சராசரி பன்னிரண்டு மீட்டர் அறுபத்தெட்டு. அலுவலக விதிப்படி பன்னிரண்டு மீட்டருக்கு மேற்பட்ட சராசரி உள்ள நிலப்பரப்பு, மலை. ஆகவே கோப்பு வெள்ளப் பிரிவிலிருந்து மலைப் பிரிவுக்கு மாடி ஏறியது.

மலைப் பிரிவு அதிகாரி நிஜ மலைகளில் இருபது வருடம் வேலை பார்த்தவர். எல்லோரும் அவரை மலைக்காரர் என்றுதான் சொன்னார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே மாற்றலாகி வந்தபோது, எல்லைக்குள் ஒரு மலைகூட இல்லை என்பது அவருக்குத் தெரியாது. காலையில் வருவார், காலியான மேசையைத் துடைப்பார், சாயங்காலம் போவார். முதல் கோப்பு மேசைக்கு வந்த அன்று நெடுநேரம் அதைப் பிரிக்காமல் தடவிக்கொண்டே இருந்தார் என்று பியூன் சொன்னான். மறுநாள் தடித்த பூட்ஸும் தோளில் கயிற்றுச் சுருளுமாகத் தெருவுக்கு வந்துவிட்டார். முனையில் நின்று மூச்சை ஆழமாக இழுத்து, காற்று மாறுகிறது என்றார்.

வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார். நிலச்சரிவு ஏற்பட்டால் ஊதவேண்டும். இரவில் ஆடு மாடுகளைச் சரிவில் கட்டவேண்டாம் என்று அறிவுறுத்தினார். இஸ்திரிக்காரர் தன்னிடம் ஒரு கழுதைகூடக் கிடையாது என்றார். அதுவும் நல்லதுதான் என்று மலைக்காரர் குறித்துக்கொண்டார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருக்கலாம். பைண்டர் வீட்டுக்கு வந்த நோட்டீஸ்தான் சிரிப்பை நிறுத்தியது. சுற்றிலும் பதின்மூன்று மீட்டர், நடுவில் ஏழு மீட்டர் என்றால் வரைபடத்தில் அது என்ன? பள்ளத்தாக்கு. மலை சரிந்தால் முதலில் புதையப்போவது பள்ளத்தாக்கு. ஆகையால் பதினோராம் எண் வீட்டார் முப்பது நாளில் காலி செய்யவேண்டும்.

மனைவி நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். "எதுங்க சரிஞ்சு விழும்? டீச்சர் வீட்டுத் தார்ப்பாயா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"விழுந்தா மடிச்சு வெச்சுட்டுப் போறேன். இதுக்கு வீட்டைக் காலி பண்ணணுமா?"

மச்சான் வராந்தாவில் புறாவுக்குத் தானியம் போட்டுக்கொண்டே, கூண்டு மேலேயே இருந்திருந்தால் நாமும் மலையாகியிருப்போம் என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். அக்காவும் கேட்காத மாதிரி உள்ளே போனாள்.

பைண்டர் சராசரி சாரிடம் ஓடினார். கோப்பு தன்னிடம் இல்லை என்றார் அவர். மலைக்காரரிடம் ஓடினார். மலை விஷயத்தில் விளையாடக்கூடாது, எத்தனையோ பேரை மண்ணுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறேன் என்றார் அவர். சொல்லும்போது அவர் குரல் உண்மையிலேயே நடுங்கியது. அந்த மனிதரிடம் கோபப்படவும் பைண்டருக்கு மனம் வரவில்லை.

நோட்டீஸ் வந்து பன்னிரண்டாம் நாள், அலுவலகத்திலிருந்து கடைக்கு ஒரு மூட்டை வந்தது. மலை என்று ஒன்று வந்துவிட்டதால் மலைப் பிரிவு விதிமுறைப் புத்தகம் ஐம்பது பிரதி தேவைப்பட்டதாம். அச்சகத்திலிருந்து தாள்கள் நேராக வந்து இறங்கின.

பைண்டிங் வேலையில் முதல் காரியம் தாள் அடுக்குவது. அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அடிப்பார்கள். அதை மடித்தால் ஒரு கட்டு. கட்டுகளை வரிசையாகச் சேர்த்து, பக்க எண் ஓடுகிறதா, எங்காவது தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரிபார்க்கவேண்டும். பிறகுதான் தையல். நல்ல பைண்டர் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் பேசிக்கொள்கிறதா என்றும் பார்ப்பான். அலுவலகத்தில் ஒருவரும் படித்திராத புத்தகத்தை, பைண்டர் இப்படித் துணுக்குத் துணுக்காக ஐம்பது தடவை படித்தார். எண்பத்து நான்காம் பக்கத்தின் கடைசி வரி, "பள்ளத்தாக்கு வீடு எதையும் காலி செய்யச் சொல்லும் முன்னர்" என்று நின்றது. எண்பத்தைந்தாம் பக்கம் இப்படித் தொடர்ந்தது: "சரிவின் நீர் இறங்கும் ஓடையின் வாய் திறந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். அடைபட்டிருப்பின் ஏழு நாள்களுக்குள் திறத்தல் வேண்டும். நீர் வடியும் மலை சரிவதில்லை."

பைண்டர் கட்டைக் கீழே வைத்தார்.

விதி சரியானது என்பதையும் சொல்லவேண்டும். மண்ணுக்குள் தண்ணீர் தேங்கினால்தான் அது கனத்து வழுக்கும். வடிய வழி இருந்தால் நிற்கும். எழுதியவருக்கு மலை தெரிந்திருந்தது.

மறுநாள் அந்தப் பக்கத்தைக் காட்டி மலைக்காரரைத் தெருவுக்கு அழைத்து வந்தார். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"மழை பெஞ்சா தண்ணி எங்கிருந்து வருது?" என்று மலைக்காரர் கேட்டார்.

"மேலயிருந்து சார். ரெண்டு பக்கத்துலயும்."

"வேகம் எப்படி?"

"முக்காலியை அடிச்சுட்டுப் போகும் சார்."

"எங்க போய் இறங்குது?"

பைண்டர் பூட்டிய கம்பிக் கதவைக் காட்டினார். மலைக்காரர் மண்டியிட்டு, கம்பி வழியாக இருட்டுக்குள் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், உள்ளங்கையை நீட்டிக் குளிர்ச்சியைத் தொட்டார். எழுந்தபோது அவர் முகத்தில் பழைய தேஜஸ் வந்திருந்தது.

"ஓடையை எவன்யா பூட்டினது?" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சென்று சாவி கேட்டார். பைண்டர் வாசலில் நின்றிருந்தார். சராசரி சார் மறுத்தார். அது ஓடை இல்லை, மழைநீர்க் குழாய், வெள்ளப் பிரிவின் சொத்து, அபாயம் இல்லாத தெருவில் திறக்க விதி இல்லை என்றார். மலைக்காரர் அதட்டவில்லை. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றார்.

"மழைநீர்க் குழாய்னா அது பள்ளத்துலதான் இருக்கும், சரிதானே?"

"ஆமா."

"இந்தத் தெரு பள்ளமா? உங்க படத்துல பன்னிரண்டரை மீட்டர்ல நிக்குது. படம் தப்புன்னு எழுதிக் குடுங்க. கோப்பை இப்பவே திருப்பிடறேன்."

சராசரி சார் வரைபடத்தைப் பார்த்தார். அதன் பக்கத்திலேயே அவர் மாலையோடு நிற்கிற பாராட்டுக் கூட்டப் புகைப்படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதையும் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார். சாவிக்கு நிறையத் துருப்பிடித்திருந்தது.

ஆறாம் நாள் இயந்திரம் வந்தது. குழாய்க்குள்ளிருந்து இருபத்து மூன்று கற்பலகைகள், ஒரு கேபிள் உருளை, சக்கரம் இல்லாத ஒரு சைக்கிள், வெள்ளப் பிரிவின் "இங்கே குப்பை போடாதீர்" பலகை ஒன்று, எல்லாம் வெளியே வந்தன. கம்பிக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓடைக்குக் கதவு போட விதியில் இடமில்லை. மலைக்காரர் தன் கையாலேயே ஒரு பலகை நட்டார்: "மலை ஓடை. வழுக்கும். குளிக்கத் தடை."

காலி செய்யும் நோட்டீஸ் ரத்தானது.

பிறகு மழைக்காலம் வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. பைண்டர் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றிவிட்டு, துடைப்பத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வழக்கம்போல இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது, முதல் படியைத் தொட்டது, ஒரு சுழி சுழன்றது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பி, குழாயை நோக்கிப் போய்விட்டது. இரண்டாம் நாள் மனைவி வந்து அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி வைத்தாள். "போய்த் தூங்குங்க. அது இனிமே வராது," என்றாள்.

மழை விட்ட மறுநாள் சராசரி சார் தன் அறிக்கைப் பிரதிகளை வாங்கிப்போகக் கடைக்கு வந்தார். காய்ந்த தரையில் பூட்ஸ் காலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு வரலையே?"

"வரலை சார். குழாயைத் திறந்ததால..."

"குழாயா?" சராசரி சார் சிரித்தார். அன்பான சிரிப்பு. "அண்ணாந்து பாருங்க. உங்க தெரு எங்க நிக்குதுன்னு தெரியுதா? தண்ணி மலை ஏறுமாங்க?"

பைண்டர் மேல்தட்டிலிருந்து அறிக்கைகளை இறக்கினார். பிரதிகளை எண்ணிக் கட்டிக் கொடுத்தார். போகிற போக்கில் சராசரி சார் ஒரு செய்தியும் சொன்னார். அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை வருகிறது. சராசரி பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் தெரு மீண்டும் வெள்ளப் பிரிவுக்கே வரும். அப்படி வந்தால் முதல் வேலையாகக் குழாய்க்குக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம், இப்படித் திறந்து கிடப்பது பார்க்க நன்றாக இல்லை என்றார்.

அவர் தலை மறைந்ததும் பைண்டர் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். மழையோடு அடித்த காற்றில் இஸ்திரிக்காரர் வீட்டு மூங்கில்களும் டியூஷன் டீச்சர் வீட்டு மூங்கில்களும் முறிந்து விழுந்திருந்தன. கடை கடையாக ஏறி இறங்கினார். எங்கும் மூங்கில் இல்லை. பக்கத்துத் தெருக்கள் எல்லாம் மலையாகிக்கொண்டிருந்தன.

மச்சான் பைண்டிங் அட்டையின் முதுகில் கணக்குப் போட்டான். பதினாறு வீடு பதின்மூன்று மீட்டர். இரண்டு வீடு மூன்று அறுபது. நம் வீடு ஏழு. வகுத்தால் பதினொன்று அறுபத்தொன்பது. போதாது. நம் வீடும் பதின்மூன்றாக ஏறினால் பன்னிரண்டு மீட்டர் ஒரு சென்டிமீட்டர்.

"ஆனா பழைய கூண்டோட சேத்தா பன்னிரண்டுதான் மாமா. இன்னும் ஒரு மீட்டர் தூக்கணும்."

பைண்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தம்பியைப் பார்த்தாள்.

"அன்னிக்குக் கழட்டச் சொன்னேன்," என்றாள். "இன்னிக்கு மாட்டச் சொல்றேன். இதுக்காக மூணு நாள் பேசாம இருக்காதே."

வியாழக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. மச்சான் மேலே சட்டங்களை முடுக்கினான். பைண்டர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் கூண்டு நின்றது, புறாக்கள் குடியேறின. மறுநாள் பத்து மணிக்கு விமானம் ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியுமாகப் பறந்து போனது.

இரண்டு மாதம் கழித்து அந்த வருட அறிக்கை பைண்டிங்குக்கு வந்தது. தாள் அடுக்கும்போது பைண்டர் தன் தெருவைத் தேடிப் பிடித்தார். மலை என்றே போட்டிருந்தது. சராசரி உயரம் பன்னிரண்டு மீட்டர் மூன்று சென்டிமீட்டர்.

மச்சான் போட்ட கணக்கு ஒரு சென்டிமீட்டர்தானே என்று அவர் துண்டுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு சென்டிமீட்டர் அதிகம். பத்தொன்பது வீட்டுக்கு இரண்டிரண்டு என்றால் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் எங்கிருந்தோ வந்திருக்கிறது. முப்பத்தெட்டு சென்டிமீட்டரைக் கையால் அளந்து பார்த்தார். மேலே மொட்டை மாடியில் ஏதோ குனுகிக்கொண்டிருந்தது.

விமானம் கடந்த நேரத்தில், கூண்டின் உச்சியில் ஒரு புறா கழுத்தை நீட்டி நின்றிருக்கிறது.